ஜாடைப் பேச்சு கேட்ட துரை

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக எல்கடுவைப் பக்கம் போயிருந்தேன். நான் வேலை பார்த்த தோட்டத்தில் இப்போது வெளிக்கள உத்தியோகத்தராக இருக்கும் இளம் பிள்ளை ஒருவன் என்னைக் கண்டதும் பந்தியிலிருந்து எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். எங்கள் காலத்தில் அந்த வேலைக்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர். தோட்டத்துப் புதுமைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தவன், கடைசியில் பெருமையாக, "இப்ப பெரட்டே இல்லைங்க ஐயா. மெஷினு வச்சிருக்கோம். வெரல வைக்கிறாங்க, எந்த மலைன்னு போனுக்கு மெசேஜ் வந்துருது, போயிருறாங்க. ஒரு சத்தம் இல்ல" என்றான்.

"ஒரு சத்தமுமே இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க ஐயா" என்றான், நான் மெச்சுகிறேன் என்று நினைத்துக்கொண்டு.

பிள்ளையைக் குறை சொல்வதற்கில்லை. அவன் பெரட்டுக்களத்தில் நின்று வளர்ந்தவன் இல்லை. ஆனால் இரத்தோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வந்து சேரும்வரை அந்தப் பெரட்டுச் சத்தம்தான் என் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சம்பளமோ அதிகாரமோ ஞாபகம் வருவதில்லை. எனக்கு வருவது அந்தச் சத்தம்தான்.

தோட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விடிந்தும் விடியாததுமாக ஆட்கள் எல்லாரும் ஓரிடத்தில் கூடுவார்கள். யார் எந்த மலைக்குப் போவது, எங்கே கொழுந்து, எங்கே செடியைக் குறைத்து வெட்டும் கவ்வாத்து, எங்கே புல்வெட்டு என்று அங்கேதான் பிரித்துவிடுவோம். அதுதான் பெரட்டு. மலை என்று நாங்கள் சொல்வது தேயிலை நிற்கும் ஒவ்வொரு துண்டு நிலத்தையும். அவற்றுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். எங்கள் களம் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால், ஒரு பெரிய வாகை மரத்தடியில் இருந்தது. நக்கிள்ஸ் மலைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வருவதற்குள் பெண்கள் இடுப்பில் ஈரம் படாமல் இருக்கப் படங்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, ரொட்டி மணக்க மணக்க வந்து நிற்பார்கள். கங்காணிகள் வந்த ஆட்களின் கணக்கைச் சொல்வார்கள். நான் மலையைச் சொல்வேன். வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவுதான் பெரட்டு.

உயர்தரம் படித்துவிட்டு வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த என்னை என் மாமா இந்தக் கணக்கப்பிள்ளை வேலையில் சேர்த்துவிட்டார். முதல் சில வருடம் மழையும் அட்டையும் ஏச்சும்தான். தேயிலையைப் பற்றித் தெரிந்துகொண்டேன். ஆட்களைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை. அது தெரிய ஆரம்பித்தது நெட்டைத் துரை வந்த பிறகுதான்.

நெட்டைத் துரை என்பது ஆட்கள் வைத்த பெயர். உதவி மேலாளராக, அதாவது சின்னத் துரையாக வந்தார். சிங்களவர். என் வயதுதான் இருக்கும். வாசலில் நுழையும்போதெல்லாம் தலையில் இடித்துக்கொள்கிற உயரம். முதல் மாதம் அவருக்குத் தெரிந்த தமிழ் "வாங்க", "போங்க", "மழை" மூன்றும்தான். அதை வைத்துக்கொண்டே பெரட்டுக்கு வந்துவிட்டார். பெரட்டு முடிந்ததும் மற்றத் துரைமார் ஜீப்பில் ஏறிப் போய்விடுவார்கள். இவர் போகமாட்டார். வாகை மரத்தடியில் குடையை ஊன்றிக்கொண்டு, கடைசிப் பெண் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு போகும்வரைக்கும் நிற்பார்.

பெண்கள் கூடைக் கயிற்றைச் சரிசெய்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் உண்மையான பேச்சு வரும். எங்கள் ஆட்கள் எந்தத் துரையிடமும் முகத்துக்கு நேரே குறை சொல்லமாட்டார்கள். கேட்டால், "ஒன்னும் இல்லைங்க தொர" என்பார்கள். பயம் மட்டுமில்லை, அதில் ஒரு கௌரவமும் இருக்கிறது. கேட்டு வாங்குவது பிச்சை என்று நினைப்பார்கள். ஆனால் சொல்லாமலும் இருக்கமாட்டார்கள். பக்கத்தில் நிற்கிறவளிடம் சொல்வதுபோல, துரையின் காதில் விழுகிற மாதிரி உரக்கச் சொல்வார்கள். ஜாடைப் பேச்சு என்பது இதைத்தான். அந்த வித்தையில் எங்கள் தோட்டத்தில் பாக்கியத்தை மிஞ்ச ஆளில்லை.

பாக்கியம் கொழுந்து எடுப்பதிலும் கெட்டி, வாயிலும் கெட்டி. ஒருநாள் காலையில் கூடையை உதறிக்கொண்டே, "ஆத்துக்குமேல எவ்வளவு நேர்த்தியா பாலம் போட்டிருக்காங்க தெரியுமாடி? பாலத்துக்குப் பாலமுமாச்சு, ஊஞ்சலுக்கு ஊஞ்சலுமாச்சு, வழுக்கினா குளிச்சுட்டும் வரலாம். யாருக்குக் குடுத்து வச்சிருக்கு!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பலகை ஆடுகிறது என்று அர்த்தம். அதற்குள் கொஞ்சம் தமிழ் படித்திருந்த துரைக்கு அரைகுறையாகப் புரிந்திருக்கவேண்டும். நேரே அவளிடம் போய், "என்னா பாலம்? என்னா சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டார். களம் கப்சிப்பென்று ஆகிவிட்டது. பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டு, "ஒன்னும் இல்லைங்க தொர" என்றாள்.

அன்று மலைக்கு ஏறும்போது, "நான் என்னா தப்பு பண்ணினேன்?" என்று என்னைக் கேட்டார்.

"தப்பில்லைங்க தொர. கேக்காத மாதிரி கேட்டுக்கணும்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை அவர் பிடித்துக்கொண்டது மாதிரி வேறு யாரும் பிடித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அடுத்த நாளே பாலத்துக்குப் புதுப் பலகை போட்டாயிற்று. பெரட்டில் ஒன்றும் தெரியாதவர்போல வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாக்கியம் பக்கத்துப் பெண்ணிடம், "பரவாயில்லடி, வளந்த மரத்துக்கும் காது கேக்குது" என்றாள். துரை குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். மழையே இல்லை. குடை மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. ஆட்கள் குடியிருக்கும் எந்த லயத்தில் கூரை ஒழுகுகிறது, குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் எந்த ஆயா தூங்குகிறாள், எந்த மலையில் குளவி கூடு கட்டுகிறது, எல்லாம் ஜாடையாக வந்துவிடும். குளவி சின்ன விஷயமில்லை. சவுக்கு மரத்தில் கூடு இருக்கும். கீழே நின்று கொழுந்து எடுக்கிறவர்களுக்குத் தெரியாது. ஒரு பருந்து தட்டிவிட்டால் போதும். அதனால் கூட்டைப் பார்த்த பேச்சு காதில் விழுந்ததும் துரை என் பக்கம் திரும்பி, "இன்னைக்கு வேற மலை" என்பார். ஏன் என்று சொல்லமாட்டார். சாயங்காலம் ஆட்கள் போய்ப் புகைபோட்டுக் கூட்டை எடுப்பார்கள். அவர் சின்னத் துரையாக இருந்த காலத்தில் எங்கள் டிவிஷனில் ஒருவரையும் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, ஏக்கத்தில் சொல்கிறேன்.

பிறகு அவருக்குக் கொழும்பில் தலைமை அலுவலகத்துக்கு மாற்றம் வந்தது. பல வருடம் கழித்து, எங்கள் தோட்டத்துக்கே மேலாளராக, பெரிய துரையாகத் திரும்பி வந்தார். செய்தி வந்த அன்று லயத்தில் பொங்கல் வைக்காத குறைதான். பாக்கியத்துக்கு அதற்குள் தலை நரைத்து முட்டி வலியும் வந்துவிட்டிருந்தது. "மரம் திரும்பி வருதாமே" என்று களம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

வந்தவர் பெரட்டுக்கு வரவில்லை. முதல் நாள் களைப்பு என்றார்கள். மறுநாள் கூட்டம் என்றார்கள். பிறகு யாரும் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார்கள். காரியாலயத்தில் அவருடைய அறைக்குக் கண்ணாடிக் கதவு போட்டார்கள். மலைத் திட்டம் முந்தின நாளே என் போனுக்கு வந்துவிடும். தன்னைக் கேட்காமல் மலை மாற்றக்கூடாது என்று உத்தரவு. ஒருநாள் நான் துணிந்து, "தொர, பெரட்டுக்கு ஒருக்கா வந்து நில்லுங்க. ஆளுங்க பாத்துக்கிட்டே இருக்காங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. மிகவும் களைத்துப்போனவராகத்தான் தெரிந்தார். "கணக்கப்புள்ள, அந்தக் காலம் வேற. இப்போ நான் எல்லாத்துக்கும் பதில் சொல்லணும். அங்கே வந்து நின்னா வேலை ஓடாது. குறை இருந்தா எழுதிப் போடட்டும், ஒரு பெட்டி வைக்கிறேன்" என்றார்.

சொன்னபடியே காரியாலயச் சுவரில் புகார்ப் பெட்டி தொங்கியது. சாவி அவரிடமே இருந்தது, யாரும் இடையில் மறைக்கக்கூடாது என்று. நல்ல எண்ணம்தான். அவ்வளவு காலத்தில் அந்தப் பெட்டிக்குள் விழுந்தது ஒரே ஒரு கல்யாணப் பத்திரிகை. துரைக்கு நேரில் கொடுக்க வெட்கப்பட்டு யாரோ போட்டிருந்தார்கள். அவர் அதை என்னிடம் காட்டி, "பாத்தீங்களா, ஒரு குறையும் இல்லை" என்று சந்தோஷப்பட்டார். ஜாடைப் பேச்சைப் படித்த மனிதர், வெற்றுப் பெட்டியைப் பார்த்து நம்பிவிட்டார். பெரிய நாற்காலியில் உட்காருகிறவர்களை ஏமாற்ற யாரும் பொய் சொல்லவேண்டியதில்லை. கதவைச் சாத்திக்கொண்டால் அவர்களே ஏமாந்துகொள்வார்கள்.

அந்தக் காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. திட்டப்படி பெண்கள் எல்லாரும் ஏழாம் நம்பர் மலைக்கு. நான் அதைச் சொன்னதுமே பாக்கியம் வாகை மரத்தடியைப் பார்த்துத் திரும்பினாள். துரை நிற்காத இடத்தைப் பார்த்துப் பேசும் பழக்கம் மட்டும் அவளை விடவில்லை. "ஏழாம் நம்பர்ல இன்னைக்கு விருந்தாமே. சவுக்கு மரத்துல பானை கட்டித் தொங்க விட்டிருக்காங்க. பெரிய பானைடி. போறவங்க மூஞ்சியக் காட்டிக்கிட்டு நில்லுங்க, பரிமாறுவாங்க" என்றாள்.

குளவிக் கூடு. யாரும் சிரிக்கவில்லை.

எல்லாரையும் களத்திலேயே உட்காரச் சொல்லிவிட்டுத் துரைக்குப் போன் எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. அப்போது இருந்த சின்னத் துரை புதுப் பிள்ளை. பெரிய துரையின் பெயரைச் சொன்னாலே வேர்க்கும் அவருக்கு. "நான் வர்ற வரைக்கும் யாரும் போகக்கூடாதுங்க சார்" என்று அவரிடம் சொல்லிவிட்டுக் காரியாலயத்துக்கு ஏறினேன்.

கிளாக்கர் எழுந்து வந்து வழி மறித்தார். "விடியக்காலையிலேயே கொழும்புல இருந்து கூப்பிட்டுட்டாங்க, பேசிக்கிட்டிருக்காரு ஐயா. யாரையும் விடவேணாம்னாரு." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துரை கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் கையைக் காட்டினேன். அவர் பார்த்தார். பொறுங்கள் என்று உள்ளங்கையை உயர்த்தினார். நான் விரல்களை ஆட்டி, பறக்கிற மாதிரியும் கொட்டுகிற மாதிரியும் காட்டினேன். கணக்கப்பிள்ளை ஏதோ வேடிக்கை செய்கிறான் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். குடைக்குப் பின்னால் சிரித்தவரும் இவரும் ஒரே ஆள்தானா என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம் பொறுத்தேன். அப்புறம் கிளாக்கரைத் தள்ளிக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே போனேன். "ஏழாம் நம்பர்ல குளவி, தொர. ஆளுங்க பேசிக்கிட்டாங்க" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "இன்னைக்கு வேற மலை" என்றார் உடனே. பழைய குரல், பழைய வார்த்தை. அதைச் சொல்ல அவருக்கு ஒரு மூச்சு நேரம்கூடப் பிடிக்கவில்லை. ஆனால் அதற்குள் கீழேயிருந்து கூச்சல் கேட்டது. களத்தில் பெண்கள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பயந்துபோன சின்னத் துரை, திட்டம் திட்டம்தான் என்று அவர்களை மலைக்கு அனுப்பிவிட்டிருந்தார்.

படங்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு பெண்கள் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். பல பேருக்குக் கொட்டியிருந்தது. பாக்கியத்தின் முட்டி அவளை ஓடவிடவில்லை. விழுந்த இடத்திலேயே சுருண்டு கிடந்தவளைப் புகைபோட்டுத்தான் எடுக்க முடிந்தது. முகம் அடையாளம் தெரியவில்லை. லொறி வரும்வரை காத்திருக்காமல் துரை தன் ஜீப்பிலேயே போட்டுக்கொண்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். நான் பின்னால் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

வளைவுகளில் ஜீப்பைத் திருப்பிக்கொண்டே, "ஆளுங்களுக்கு முன்னமே தெரியுமா?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் தெரியும் தொர."

"எனக்கு ஒருத்தரும் சொல்லலியே!"

"சொன்னாங்க தொர. நீங்க அங்க இல்ல."

அவர் வேகத்தைக் கூட்டினார்.

பாக்கியம் கண் திறப்பாளா என்பதே சில நாட்கள் நிச்சயமில்லாமல் இருந்தது. நானும் துரையும் தினமும் போனோம். அவர் வார்டுக்கு வெளியே பெஞ்சில், கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடைசியில் பிழைத்துக்கொண்டாள். பேச்சு வந்துவிட்டது என்று நர்ஸ் சொன்னதும் துரை சின்னப்பிள்ளைபோல எனக்கு முன்னால் ஓடினார். தோடம்பழப் பையைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு, "எப்பிடி இருக்கு பாக்கியம்?" என்றார்.

அவள் எழுந்து உட்கார முயற்சி செய்தாள். முடியவில்லை. வீங்கிய கைகளைக் கூப்பினாள். "தொரைங்க புண்ணியத்துல நல்லா இருக்கேனுங்க. ஒரு கொறையும் இல்லைங்க தொர" என்றாள்.

பக்கத்துக் கட்டில்காரியிடம் ஜாடையாக ஒரு வார்த்தை? இல்லை. ஒரு கிண்டல்? அதுவும் இல்லை. துரை காத்துக்கொண்டு நின்றார். வானத்தைப் பார்ப்பதுபோல ஜன்னல் பக்கம்கூடத் திரும்பி நின்று பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜீப்பில் ஏறியும் அவர் சாவியைத் திருப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "பாக்கியம் எனக்கு மரியாதை குடுக்குறா, கணக்கப்புள்ள" என்றார். அழுதார். நான் வெளியே பார்த்துக்கொண்டேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் விடியலில் பெரட்டுக்களத்துக்கு வந்துவிட்டார். அதே வாகை மரத்தடி, அதே நிற்பு. கண்ணாடிக் கதவைக் கழற்றச் சொன்னார், பெட்டியையும் எடுத்துவிட்டார். மலையை மாற்றும் உரிமையை எனக்கும் கங்காணிகளுக்கும் கொடுத்தார். எல்லாம் செய்தார். பெண்கள் வந்தார்கள், "கும்புடுறோங்க தொர" என்றார்கள், கூடைக் கயிற்றைச் சத்தமில்லாமல் கட்டிக்கொண்டு போனார்கள். தினமும் கடைசிப் பெண் போகும்வரை நிற்பார். வேலைக்குத் திரும்பி வந்த பாக்கியமும் கும்பிட்டுவிட்டுப் போனாள். கோபமில்லை அவர்களுக்கு. நம்புவதற்கு நாளாகும், அவ்வளவுதான். மழைக்காலம் வந்து போனது. ஒரு சொல் விழவில்லை. "இன்னைக்கும் ஒன்னும் இல்லை" என்று என்னிடம் சொல்லிவிட்டு மலையேறுவார்.

அப்படி இருக்கும்போதே கம்பனி அவரை வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டது. போகிற அன்று மாலை போட்டோம். எல்லாரும் வரிசையில் நின்று கும்பிட்டார்கள். அவரும் கும்பிட்டார்.

அடுத்த நாள் பெரட்டு. மரத்தடியில் யாரும் இல்லை. நான் மலையைச் சொல்லி முடித்தேன். பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டிருந்தபோது பாக்கியம் யாரையும் பார்க்காமல், "கொஞ்ச நாளு கூட நின்னிருந்தா என்னவாம்? கால் வலிச்சிருச்சாக்கும். நம்ம வாயி தொறக்கிற நேரம் பாத்து மரத்தப் புடுங்கிட்டுப் போயிட்டானுங்க" என்றாள். பக்கத்திலிருந்தவள் மூக்கை உறிஞ்சினாள்.

அன்று சாயங்காலம் துரைக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். பாக்கியம் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். 

அவர் மெதுவாகக் கேட்டார். "எங்கிட்ட சொல்லச் சொன்னாளா?"

"இல்லைங்க தொர. சும்மாதான் சொன்னா."

"அப்போ நெசமாத்தான் சொல்லியிருக்கா" என்றார்.